பச்சை மையில் ஒரு கடிதம்

ஜான் ஆர்லட் என்றால் இங்கிலாந்தில் கிரிக்கெட் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரேடியோ வர்ணனையில் கொடிகட்டிப் பறந்தவர். 1958-ல் அவருக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பச்சை மையில் எழுதியிருந்தது. 'இங்கிலாந்தில் ஏதாவது ஒரு கிளப்பில் ஆட வாய்ப்பு வாங்கித் தருவீர்களா?' என்பதுதான் விஷயம். எழுதியவர் கேப் டவுனில் அச்சகத்தில் வேலை பார்த்த பேசில் டி'ஒலிவேரா.

உள்ளூரிலேயே ஆட வேண்டியதுதானே? முடியாது! அரசாங்கக் கணக்கில் அவர் 'கலப்பினத்தவர்'. வெள்ளையர் டீமில் அவருக்கு இடம் கிடையாது. மேடுபள்ளமான பொட்டல்களில் பாய் விரித்து ஆடி, ரன்களைக் குவித்து, வெள்ளையரல்லாதோர் அணிக்கு காப்டனாகவும் இருந்தவர். டெஸ்ட் மேட்ச் பார்க்க நியூலாண்ட்ஸ் மைதானத்துக்குப் போனால், தனியாக அடைத்துவிட்ட ஒரு பகுதியில்தான் உட்கார வேண்டும். அதுவரை சென்று நின்றது அவர் கிரிக்கெட்!

1960-ல் மிடில்டன் என்ற சின்ன கிளப்பில் ஒரு சீசனுக்கு 450 பவுண்டு சம்பளத்தில் இடம் கிடைத்தது. விமான டிக்கெட் அவர் செலவு. பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கைப் போட்டால் மிச்சம் ஒன்றும் தேறவில்லை. நண்பர்கள் வசூல் செய்து அனுப்பி வைத்தார்கள். ஆரம்பத்தில் சொதப்பல். ஈரமான ஆடுகளங்கள் அவருக்குப் புதுசு. ஆனால், சீசன் முடிவில் பேட்டிங் சராசரியில் அவருக்குக் கீழே இருந்தவர் கார்ஃபீல்டு சோபர்ஸ்!

1966-ல் இங்கிலாந்து டெஸ்ட் அணியில் இடம். 1968-ல்தான் வினை. அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா போக வேண்டும். 'அவரை அழைத்து வந்தால் டூர் கிடையாது' என்று பிரதமர் வோர்ஸ்டர் ஓர் ஆங்கிலப் பிரபுவிடம் முன்பே சொல்லிவிட்டார். அது எம்.சி.சி. பெரிய மனிதர்கள் சிலருக்கு மட்டும் தெரியும். அமுக்கமாக வைத்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், டி'ஒலிவேராவிடமே பேரம். 'டூருக்கு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். கோச் வேலை, வருஷத்துக்கு 4,000 பவுண்டு!' மிடில்டன் கொடுத்ததைப் போல கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. மனிதர் மசியவில்லை.

ஆகஸ்டில் ஓவல் டெஸ்ட். எதிரே ஆஸ்திரேலியா. முதலில் டீமில் அவர் பெயரே இல்லை. பிரிடோ விலகியதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். 31-ல் ஒரு கேட்ச் கொடுத்தார். விக்கெட் கீப்பர் ஜார்மன் கோட்டை விட்டார். அந்த ஒரு பந்து கையில் தங்கியிருந்தால் சரித்திரமே வேறு! முடிவில் 158.

சில நாட்கள் கழித்து டூர் அணி அறிவிப்பு. வூஸ்டர்ஷயருக்காக அன்று ஒரு சதம் அடித்துவிட்டு டிரெஸ்ஸிங் ரூமில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் இல்லை. உடைந்து அழுதுவிட்டார். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வோர்ஸ்டராவது வெளிப்படையான நிறவெறியர். இவர்கள் 'தகுதி அடிப்படையில் தேர்வு' என்றல்லவா சொன்னார்கள்! நாடே கொதித்தது. செப்டம்பரில் கார்ட்ரைட் காயத்தால் விலக, அந்த இடத்தில் டி'ஒலிவேராவைச் சேர்த்தார்கள். மறுநாளே வோர்ஸ்டர் சீறினார்... இது எம்.சி.சி. டீமே அல்ல, எதிரிகளின் டீம் என்று! டூர் ரத்து.

1970-ல் தென்னாப்பிரிக்காவின் இங்கிலாந்து டூரும் ரத்தானது. அதற்கப்புறம் 1991-ல் கொல்கத்தாவில் களமிறங்கும்வரை அந்த நாட்டுக்கு அதிகாரபூர்வமான சர்வதேசப் போட்டியே இல்லை. பாரி ரிச்சர்ட்ஸ் என்ற அபார பேட்ஸ்மேன் 4 டெஸ்ட்டோடு நின்றுபோனார்.

டி'ஒலிவேரா? 44 டெஸ்ட், 2,484 ரன். 1934-ல் பிறந்ததாக இங்கிலாந்தில் சொல்லி வைத்திருந்தார். நிஜத்தில் 1931. உண்மை வயதைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்ற பயம். அதாவது, முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 34!