பாதுகாப்பு என்ற ஒரே சொல்: கரடியனாறும் மஜ்மா நகரும்

எங்கட மாவட்டத்தில் இரண்டு இடங்கள். ஒன்று, செங்கலடிச் சந்தியில் திரும்பி பதுளை வீதியால் மேற்கே போனால் வருகிற கரடியனாறு. மற்றது, ஓட்டமாவடியில் சூடுபத்தினசேனைப் பக்கம் இருக்கிற மஜ்மா நகர். முதலாவது வெடிவிபத்து நடந்த இடம், இரண்டாவது மையவாடி. இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. ஆனால் ஆபத்தான பொருளை எங்கே வைப்பது, எப்படி ஏற்றி இறக்குவது, கடைசியில் என்ன செய்வது என்று ஆயுதம் தாங்கியவர்கள் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று எங்களுக்குப் படுகிறது.

தமிழில் 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். காவலுக்குத் துவக்கோடு நிற்கிறவர் பாதுகாப்பு உத்தியோகத்தர். தொழிற்சாலையில் தலைக்கவசம் போடச் சொல்லுறதும் பாதுகாப்பு. முப்படைகளையும் வைத்திருக்கிற அமைச்சும் பாதுகாப்பு அமைச்சு. செக்கியூரிட்டி, சேஃப்டி, டிஃபென்ஸ் என்று ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது எங்களுக்கு ஒன்றாகவே கிடக்கு. பேச்சில் இதால பெரிய கரைச்சல் இல்லை. வெடிமருந்து விஷயத்தில் நிலைமை வேற. வெடிமருந்தைக் கள்ளரிடம் இருந்து காப்பாற்றுவது ஒரு வேலை. மனிசரை வெடிமருந்திடம் இருந்து காப்பாற்றுவது இன்னொரு வேலை. முதலாவதைச் சரியாகச் செய்துவிட்டு இரண்டாவதை அடியோடு மறந்துபோகலாம்.

2010 செப்டம்பர் 17

அன்று வெள்ளிக்கிழமை. கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைத்திருந்த கொள்கலன்கள் மத்தியானத்துக்கு முன்னம் வெடித்தன. உள்ளே இருந்தது யுத்த ஆயுதம் இல்லை. வீதி வேலைக்குக் கல்லுடைக்க சீனக் கொம்பனி ஒன்று பாவித்த டைனமைட். பொலிஸ் நிலையம் தரைமட்டமானது, நிலத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. 60 பேருக்கு மேல் இறந்துவிட்டதாகத்தான் முதலில் செய்தி வந்தது. பிறகு 25 என்று திருத்தினார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பொலிஸ்காரர்கள், இரண்டு பேர் சீனத் தொழிலாளர்கள், மற்றவர்கள் பொதுமக்கள். இது விபத்து, நாசவேலை இல்லை என்று அரசாங்கம் சொன்னது.

யுத்தம் முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஆகவே எல்லாருடைய முதல் சந்தேகமும் புலி பற்றித்தான். அது இல்லை என்று தெரிந்ததும் செய்தி மெல்ல மெல்ல அடங்கிப்போனது. எங்களுக்கு அடங்காமல் இருக்கிற கேள்வி ஒன்று உண்டு. வீதி போடுகிற வெடிமருந்துக்குப் பொலிஸ் நிலையத்தில் என்ன வேலை?

பதில் 'பாதுகாப்பு'தான். இலங்கையில் வெடிபொருட்களை ஆள்வது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம். அனுமதி கொடுக்கிற வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறார். முப்பது வருட யுத்தத்தில் அரசாங்கத்தின் பயமெல்லாம் டைனமைட் தவறான ஆட்களின் கையில் போய்ச் சேரும் என்பதுதான். அந்தப் பயத்தோடு பார்த்தால் பொலிஸ் நிலையத்தை விட நல்ல இடம் கிடையாது. இரவு பகலாக ஆள் நிற்கும், துவக்கு இருக்கும், வேலி இருக்கும். களவு போகாது, போகவும் இல்லை. ஆனால் வெடிமருந்தின் கண்ணால் பார்த்தால் அதைவிட மோசமான இடம் இல்லை. பொலிஸ்காரர் வேலை செய்வதும் படுப்பதும் அங்கே. முறைப்பாடு குடுக்க ஊர்ச்சனம் வருவதும் அங்கேதான்.

இடைவெளிதான் சுவர்

வெடிமருந்தை வைக்கிற கலை புதுசு இல்லை. பட்டாளங்களும் சுரங்கக்காரரும் செத்துச் செத்துப் படித்த பாடம் அது. ஐக்கிய நாடுகளின் வகைப்படுத்தலில் ஆபத்தான சரக்குகள் ஒன்பது வகுப்பு. முதலாம் வகுப்பு வெடிபொருள். அதற்குள்ளும் ஆறு பிரிவு. முழு இருப்பும் ஒரே அடியில் வெடிக்கக்கூடியது 1.1. தூண்டிவிடுகிற டெட்டனேட்டரையும் டைனமைட்டையும் ஒரே அறையில் வைக்கக்கூடாது என்பது பாலபாடம். களஞ்சியத்தைச் சுற்றி மண் அணை கட்டுவார்கள், வெடித்தாலும் அடி பக்கவாட்டில் போகாமல் மேலே எழும்பட்டும் என்று.

எல்லாவற்றையும் விட முக்கியம் தூரம். எத்தனை கிலோவுக்கு எத்தனை மீற்றர் என்று அட்டவணையே இருக்கு. இருப்பை எட்டு மடங்கு கூட்டினால் இடைவெளியை இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது அதற்கு அடிப்படையான கணக்கு. அந்த வட்டத்துக்குள் வீடு, பள்ளிக்கூடம், பெருந்தெரு எதுவும் வரக்கூடாது. யுத்த தளபாடக் களஞ்சியங்களுக்கான சர்வதேச வழிகாட்டியை ஐக்கிய நாடுகள் வெளியிட்டது 2011இல், கரடியனாற்றுக்கு அடுத்த வருடம். ஆனால் தூரத்தின் கணக்கு அதற்குப் பல தசாப்தம் முன்னமே எல்லாப் பட்டாளத்துக்கும் தெரியும்.

தெரிந்திருப்பதும் செய்வதும் வேறு வேறு என்பதற்கு 2016 யூன் 5 சாட்சி. கொஸ்கம பக்கம் சாலாவ ஆமி முகாமின் வெடிமருந்துக் களஞ்சியம் அன்று பின்னேரம் தீப்பிடித்து இரவிரவாக வெடித்தது. ஒரு படைவீரர் இறந்தார். ஆயிரக்கணக்கான சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. வெடிக்காத எறிகணைகள் வீட்டு வளவுகளில் வந்து விழுந்தன. உலகத்துக்கே தெரிந்த உதாரணம் பெய்ரூட். 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று பல வருடமாகத் துறைமுகக் கொட்டிலில் பூட்டிக் கிடந்து 2020 ஓகஸ்ட் 4 வெடித்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கேயும் பூட்டு இருந்தது, காவல் இருந்தது.

இந்த மூன்றிலும் பக்கத்தில் இருந்த சனத்துக்குத் தங்கள் பக்கத்தில் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு என்று யாரும் ஒழுங்காகச் சொல்லி வைக்கவில்லை. களஞ்சியத்தின் அளவு இராணுவ இரகசியம். அந்த இரகசியத்தின் அபாயத்தை மட்டும் ஊர்ச்சனம் சுமந்தது.

ஒழுங்காகச் செய்த வேலையும் உண்டு

எங்கட மாவட்டத்தில் ஆபத்தான பொருளை முறையாகக் கையாண்ட வரலாறே இல்லை என்று சொன்னால் அது பொய். மிதிவெடி அகற்றலைப் பாருங்கள். யுத்தத்தில் இரண்டு பக்கமும் புதைத்ததை ஆமியின் பிரிவுகளும் மனிதாபிமான நிறுவனங்களும் வருடக்கணக்கில் கிண்டி எடுத்தார்கள். 2017இல் மட்டக்களப்பு மிதிவெடி அற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அதே வருடம் டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது.

அந்த வேலையில் ஊகத்துக்கு இடமே இல்லை. முதலில் ஊர்ச்சனத்திடம் கேட்பார்கள்: எங்கே மாடு செத்தது, எங்கே ஆள் போக மாட்டார்? பிறகு அளந்து, தடி நட்டு, பார்த்து முடித்த நிலம் எது, பார்க்காத நிலம் எது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரிக் குறிப்பார்கள். கருவி சத்தம் போட்டால் பக்கவாட்டில் இருந்து மெல்லச் சுரண்டிப் பார்ப்பார்கள். அநேகமாக அது தகரத் துண்டாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். முடிந்ததும் நிலத்தை வரைபடத்தோடு எழுத்தில் ஒப்படைப்பார்கள். அதை நம்பித்தான் சனம் திரும்பவும் வயலுக்குள் கால் வைத்தது.

ஆபத்து இருக்கா என்று முதலில் அளக்க வேண்டும், அளந்ததைச் சனத்துக்குச் சொல்ல வேண்டும், ஆபத்து போனதும் போய்விட்டது என்று எழுதித் தர வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மஜ்மா நகருக்கு வருவோம்.

உடலைச் சரக்காகப் பார்த்த காலம்

2020 ஏப்ரல் 11 வெளியான வர்த்தமானி, கோவிட்டால் இறந்தவர்களின் உடலை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் சூட்டில், குறைந்தது 45 நிமிடம் எரிக்க வேண்டும் என்றது. புதைக்க இடமே இல்லை. காரணமாகச் சொன்னது நிலத்தடி நீர்: புதைத்தால் வைரஸ் தண்ணீரில் கலக்குமாம். எரிக்கலாம், புதைக்கவும் செய்யலாம் என்ற வழிகாட்டலை உலக சுகாதார அமைப்பு அதற்கு முன்னமே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். கோவிட் பரவியது மூச்சுக் காற்றால்.

கோவிட்டைக் கையாள அமைத்த தேசிய நடவடிக்கை மையத்தின் தலைவர் வைத்தியர் இல்லை, இராணுவத் தளபதி. ஆபத்தை எடை போடுகிற இடத்தில் சுகாதாரத்தின் குரலை விடக் காவலின் குரல் ஓங்கியதற்கு இது ஒரு அடையாளம். 2020 டிசம்பர் 1 உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. அதே மாதம் பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். பொரளை மயானத்தின் வாசல் கம்பிகளில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. இஸ்லாத்தில் மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்க வேண்டும். ஜனாஸா என்பது ஊரே சேர்ந்து செய்கிற கடமை. சரக்கை அழிக்கிற வேலையாக அதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கவில்லை.

வைத்தியர் சங்கங்களே புதைக்கலாம் என்று சொன்ன பிறகும், ஐக்கிய நாடுகளின் அறிக்கையாளர்கள் கேட்ட பிறகும் மாற்றம் வரவில்லை. அது வந்தது 2021 பெப்ரவரி கடைசியில், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போன கையோடு. முதலில் காட்டிய இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படை வைத்திருந்த தங்கள் தீவுக்கு 2018இல்தான் திரும்பியிருந்த கத்தோலிக்க மீனவர்கள் அவர்கள். எங்கட மண்ணுக்கு ஏன் என்று தெருவில் இறங்கினார்கள். மார்ச் 5 அன்று முதல் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்கு வந்தன.

ஒரு வருடம், நாடு முழுக்க இருந்து இராணுவ ஏற்பாட்டில் உடல்கள் வந்தன. மாத்தறையில் செத்தவரையும் கொழும்பில் செத்தவரையும் அத்தனை மைல் ஏற்றி வந்து மஜ்மா நகரில் அடக்கினார்கள். குடும்பத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வரலாம். 2022 மார்ச் 5 கட்டுப்பாடு நீங்கும்வரை அடக்கியது 3,634 பேரை: 2,992 முஸ்லிம்கள், 287 பௌத்தர்கள், 270 இந்துக்கள், 85 கிறிஸ்தவர்களும் மற்றவர்களும். இந்தக் கணக்கு பலருக்குத் தெரியாது. அந்த மண்ணில் நாலு சமயத்து ஆட்களும் கிடக்கினம்.

கட்டாயமாக எரித்த 276 முஸ்லிம்களின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்க 2024 யூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. முறையாகப் புதைத்ததால் நீர் மாசடையவில்லை என்று ஆய்வுகள் காட்டியதையும் அந்தத் தீர்மானம் சுட்டியது. மிதிவெடிக்காரர் வேலையைத் தொடங்க முன்னம் செய்கிற அளவீடு இங்கே எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

ஏன் இரண்டையும் சேர்த்துச் சொல்லுறோம்

கரடியனாற்றில் உண்மையான ஆபத்தைச் சாதாரணச் சாமான் மாதிரி வளவில் வைத்தார்கள். மஜ்மா நகருக்கு வந்த ஆபத்தில்லாத உடலை வெடிகுண்டு மாதிரி ஏற்றி வந்தார்கள். இரண்டு இடத்திலும் கட்டுப்பாடு இறுக்கமாகவே இருந்தது. அளவீடுதான் இல்லை. யார் எடுப்பார்கள், யார் எதிர்ப்பார்கள் என்று யோசித்த அளவுக்கு, யாருக்கு எதால் என்ன தீங்கு வரும் என்று யோசிக்கவில்லை.

இது பழங்கதை இல்லை. வடக்கு கிழக்கில் இன்றைக்கும் முகாம்களுக்குப் பக்கத்தில் சனம் குடியிருக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகினம். வேலிக்கு அந்தப் பக்கம் எத்தனை துவக்கு இருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. வெடித்தால் எங்கட வீடு அந்த வட்டத்துக்குள் வருமா, வந்தால் எந்தப் பக்கம் ஓடுறது என்று மட்டும் கேட்கிறோம். அடுத்த தடவை ஒரு தொற்று வந்து, இன்ன சனத்தின் இன்ன வழக்கம் ஆபத்து என்று யாராவது சொன்னால், அளந்து பார்த்தீங்களா, தாளைக் காட்டுங்கோ என்று முதல் நாளே கேட்க வேண்டும். கரடியனாற்றில் செத்த 25 பேருக்கும் மஜ்மா நகரில் கிடக்கிற 3,634 பேருக்கும் எங்கட தலைமுறை செய்யக்கூடிய மரியாதை அதுதான்.