யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளும் அவற்றைத் திருத்தும் பாடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய கல்வீடுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. போரில் அழிந்தவை போக மிஞ்சியவற்றை இன்று வீழ்த்துவது குண்டல்ல. குடியிருக்க ஆளில்லாமையும், சுண்ணாம்புச் சுவரைத் தொடத் தெரிந்த கைகள் அருகிப் போனமையும், சீமெந்தின் மீது நமக்குள்ள அளவு கடந்த நம்பிக்கையுமே அவற்றை வீழ்த்துகின்றன. வலிகாமத்தில் உள்ள எங்கள் குடும்ப வீட்டைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டபோது இதனை அருகிருந்து கண்டேன். அந்த அனுபவத்தைச் சொல்வதற்கு முன்னர் இவ்வீடுகளின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும்.

குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த நிலம். சுவருக்கு வேண்டிய கல்லும், அதனைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பும் காலடியிலேயே கிடைத்தன. பெருமரக் காடுகள் இல்லாத குறையைப் பனை தீர்த்தது. வைரமேறிய முதிர்ந்த பனை, வளையாகவும் கைமரமாகவும் சிலாகையாகவும் கூரையைத் தாங்கியது. சுவரைக் கல்லாலும் தூணையும் வளைவையும் செங்கட்டியாலும் கட்டிய வீடுகள் உண்டு; எங்கள் வீட்டைப் போல முழுவதும் செங்கட்டியால் எழுந்தவையும் உண்டு. வசதியுள்ளோர் கட்டிய நாற்சார் வீட்டில் நடுவே திறந்த முற்றமும், அதனைச் சுற்றி விறாந்தையும், நான்கு புறமும் அறைகளும் இருக்கும். வெளிச்சமும் காற்றும் மழைநீரும் முற்றத்தின் வழியே வந்தன. கலியாணமும் செத்தவீடும் அங்கேயே நடந்தன.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். நம் வீட்டு மொழியிலே யன்னல், கதிரை, அலுமாரி என்னும் சொற்களைப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றனர். ஒல்லாந்தர் விட்டுச் சென்றது தேசவழமையின் எழுத்து வடிவம். திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இப்பகுதி வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனை ஆராய்ந்து ஒப்புக்கொண்டபின் 1707இல் அது சட்டமாயிற்று. வீட்டைத் திருத்துவதற்கும் தேசவழமைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்குப் போவது. தாயின் வீடு மகளின் வீடாகும். அதனைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பு தகப்பனோடு சகோதரர்களையும் சார்ந்தது. தங்கைக்கு வீடு கட்டி முடியும்வரை தன் திருமணத்தைத் தள்ளிவைத்த அண்ணன்மார் ஊருக்கு ஊர் இருந்தனர்.

அந்தப் பணமும் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் பல. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழில் பரவியபின், அவ்வகைத் தட்டையோடுகள் நம் கூரைகளிலும் ஏறின. பின்னர் கொழும்பு உத்தியோகம், அதன் பின்னர் இலண்டன், பாரிஸ், ரொறொன்ரோ. பணம் வரும் திசை மாறியதேயன்றி முறை மாறவில்லை. மாறியது ஒன்றுதான். மலாயாவுக்குப் போனவர் பென்சனுடன் திரும்பி வந்து அதே விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டு அமர்ந்தார். ரொறொன்ரோவுக்குப் போனவர் திரும்பவில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. சுண்ணாம்புச் சூளைகளும் சாந்து அரைக்கும் தொழிலும் மெல்ல ஒடுங்கின. 1990இல் போரினால் தொழிற்சாலை நின்றது. வடக்குக்குச் சீமெந்து கொண்டுவருவதும் தடைசெய்யப்பட்டது. அதற்குள் சுண்ணாம்பு வேலை தெரிந்த தலைமுறை ஓய்ந்துவிட்டது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தவர்களில் பலர் ஓடும் கதவும் யன்னலும் இல்லாத வீடுகளையே கண்டனர். சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் தாங்கும். கூரையின்றி இரண்டு மாரியைத் தாங்காது.

எங்கள் வீடு அம்மாவின் சீதனம். இப்போது கனடாவில் உள்ள தங்கையின் பெயரில் இருக்கிறது. மேற்குப் பக்கக் கூரை இறங்கி, சுவரில் அரசமரம் வேரோடியிருந்தது. முதலில் வந்த கொந்தராத்துக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, இடித்துப் புதிதாகக் கட்டுவதே மலிவு என்றார். இரண்டாமவர் திருத்த ஒப்புக்கொண்டார். ஆனால் நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் ஓர் அறைக்குச் சீமெந்து பூசினார். அடுத்த மார்கழியில் பூச்சு பொருமி, பின்னால் இருந்த செங்கட்டி பொடியாக உதிர்ந்தது. காரணம் எளியது. பழைய செங்கட்டியும் சுண்ணாம்பும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. உள்ளே தங்கும் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து கல்லைத் தின்கிறது.

பின்னர் குடும்பமே வேலையைக் கையில் எடுத்தது. மச்சான் அற்றோர்ணித் தத்துவம் பெற்று நாள்தோறும் நின்று பார்த்தார். பொறியியலாளரான அண்ணன் மகன் இலண்டனிலிருந்து படங்களைப் பார்த்து அளவுகள் சொன்னான். சிறுவயதில் தகப்பனுடன் சுண்ணாம்பு வேலை செய்த முதிய மேசன் ஒருவர் அயலூரில் கிடைத்தார். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, அரித்த மணலும் கடுக்காய், பனங்கட்டித் தண்ணீரும் சேர்த்துச் சாந்து குழைத்தார். இளம் மேசன்மார் இருவர் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டனர். மாசியில் தொடங்கிய வேலை ஆவணியில் முடிந்தது. செலவு புதுவீட்டுக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதிற் பெரும்பகுதி சீமெந்துக்குப் போகாமல் ஊரவரின் கூலியாகப் போயிற்று.

நல்லூர் மந்திரிமனையை நினைத்துக்கொள்கிறேன். அதனைச் சங்கிலி மன்னனின் மந்திரியோடு சேர்த்துச் சொல்வது ஊர்வழக்கு. தூண்களும் வளைவுகளும் ஐரோப்பியர் காலத்தைக் காட்டுகின்றன. தொல்லியற் சின்னமாக மதிக்கப்பட்ட அக்கட்டடத்தின் ஒரு பகுதி 2025 செப்ரெம்பர் மழையில் இடிந்தது. ஊரறிந்த கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், உரித்துக்காரர் ஐந்து நாடுகளில் சிதறியிருக்கும் பெயரில்லாத வீடுகளை யார் பார்ப்பர்?

திருத்த எண்ணுவோர் முதலிற் கூரையைக் காக்கட்டும், சுவர் காத்திருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசட்டும். மேசனைத் தேடுமுன் பங்காளர் எல்லாரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கட்டும். மூத்தவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்வது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஆள் இருக்கவேண்டும். விலகிய ஓட்டை அன்றே சரிசெய்யவும் கறையானைக் கண்டவுடன் தட்டவும் ஒருவர் போதும். எங்கள் வீட்டை ஆசிரியர் குடும்பம் ஒன்றுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். பூட்டிவைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். தங்கை அதற்கு இணங்கவில்லை. முற்றத்தில் இப்போது அந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.