கெர்னல் சுருக்கமும் சிம்ப்யூட்டரும்

கெர்னல் சுருக்கம் என்பது ஓர் இயங்குதளத்தின் மையப்பகுதியில் குறிப்பிட்ட வன்பொருளுக்குத் தேவையானதை மட்டும் வைத்து, மற்றதைத் தொகுக்காமல் விடுவது. இதன் லாபநட்டம் இரண்டையும் காட்டும் நல்ல இந்திய உதாரணம் பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர்.

இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து, எளிய மக்களுக்கான இந்தக் கையடக்கக் கணினியை வடிவமைத்து 2001-இல் வெளியிட்டனர். 2004-இல் பிகோபெட்டா நிறுவனத்தின் 'அமிடா' சிம்ப்யூட்டர் மாதிரியைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. சிம்ப்யூட்டரின் உள்ளே இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்.ஏ.-1110 சிப், 32 அல்லது 64 எம்.பி. நினைவகம், சில பத்து எம்.பி. ஃப்ளாஷ், 320×240 திரை, அதன்மேல் லினக்ஸ்.

இப்படிப்பட்ட கருவியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, பி.சி.ஐ. அட்டைகள் கிடையாது. அவற்றுக்கான டிரைவர்கள் வெறும் சுமை. எடுத்துவிட்டால் நினைவகம் மிஞ்சும், கருவி சீக்கிரம் எழும், தாக்குதலுக்கு வழிவிடும் குறிமுறையும் குறையும். ஆனால் ஸ்மார்ட் கார்டுக்கான டிரைவரில் கை வைக்க முடியாது. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு கார்டில் தங்கள் விவரத்தை வைத்துக்கொள்வதுதான் திட்டத்தின் உயிர். ஒலியும் அப்படியே: எழுத்தறியாதவருக்குத் திரையிலுள்ளதை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டவே 'த்வனி' மென்பொருள் உருவானது. ஆகவே எதை வெட்டலாம் என்பதற்கான விடை சிப்பின் கையேட்டில் பாதிதான் இருக்கிறது. மீதி, கருவியைப் பிடிக்கப்போகும் கைகளைப் பொறுத்தது.

கெர்னலைத் தொகுக்கும்போது ஒவ்வோர் அம்சத்துக்கும் மூன்று வழிகள் உண்டு: உள்ளேயே சேர்ப்பது, தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூலாக வைப்பது, அடியோடு விடுவது. மாட்யூல் நடுவழி என்றாலும் இலவசமல்ல. நினைவகம் 4 கே.பி. பக்கங்களாகவே ஒதுக்கப்படுவதால், சின்ன மாட்யூலும் ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கெர்னல் பதிப்பு மாறினால் அதையும் மறுபடி தொகுக்க வேண்டும்.

சில தேர்வுகள் இன்னும் நுட்பமானவை. எஸ்.ஏ.-1110 சிப்பில் மிதவைப் புள்ளிக் கணக்குக்கான தனிச் சுற்று இல்லை. பழைய ஆர்ம் லினக்ஸில் கெர்னலே அதைப் போலச் செய்து காட்டும். அதற்கு இரண்டு எமுலேட்டர்கள் இருந்தன. 'என்.டபிள்யூ.எஃப்.பி.இ.' மெதுவானது, துல்லியமானது. 'ஃபாஸ்ட்எஃப்.பி.இ.' பல மடங்கு வேகமானது, துல்லியத்தில் சமரசம் செய்வது. பட்டியல் போடும் கருவிக்குப் பின்னது போதும்; அளவைக் கருவிக்கு அது ஆபத்து.

பிழைச்செய்திகளை வெட்டுவதுதான் மிகவும் யோசிக்க வேண்டியது. மாட் மாக்கால் 2003-இல் தொடங்கிய லினக்ஸ்-டைனி முயற்சி, கெர்னல் செய்திகளையே நீக்கும் அளவுக்கு இறங்கியது. இடம் மிஞ்சும், ஆனால் தொலைவில் ஒரு கிராமத்தில் கருவி நின்றுபோனால், ஏன் என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இருக்காது. வெளியூரில் பராமரிக்க வேண்டிய கருவியில் இதை வெட்டவே கூடாது.

இவற்றைவிடப் பெரிய விலை பிறகே தெரியும். லினக்ஸ் 2.4 காலத்தில் ஸ்ட்ராங்ஆர்முக்கு மூலக் கெர்னல் மட்டும் போதவில்லை. ரஸல் கிங்கின் ஆர்ம் திருத்தங்களையும், அவற்றின் மேல் நிக்கோலா பீட்ரேயின் திருத்தங்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இந்த அடுக்கை மறுபடி பொருத்த வேண்டும். இதற்கிடையே இன்டெல் எக்ஸ்ஸ்கேல் சிப்புகளுக்கு நகர்ந்தது. திரை, மின்சேமிப்பு போன்றவற்றைக் கையாளும் குறிமுறை சிப்புக்குச் சிப் மாறக்கூடியது. வெட்டிய டிரைவரை ஒரு மறுதொகுப்பில் மீட்டுவிடலாம். ஒரே சிப்புக்கென எழுதி, மூலக் கெர்னலில் சேர்க்காமல் வைத்திருக்கும் திருத்தத்தை, எழுதிய குழு கலைந்தபின் யாரும் சுமப்பதில்லை.