கிள்ளான் காக்கை

காக்கையை இகழ்ந்து குயிலைப் புகழ்வது நம்மவர் நெடுநாள் வழக்கம். நிறத்தில் இரண்டும் கருமையே. குரல் ஒன்றைக் கொண்டே உயர்வு தாழ்வு கற்பித்துவிட்டோம். இத்தீர்ப்பு நேர்மையுடையதுதானா என்பதை மலாய் நாட்டுச் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோமாக.

வீட்டுக் காக்கை இந்நாட்டின் பூர்வ குடியன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் மலிந்திருந்தன. காப்பி இலையைத் தின்றழிக்கும் புழுக்களை ஒழிக்கும் பொருட்டு, அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், இலங்கையினின்று காக்கைகளைத் தருவித்துக் கிள்ளானில் விட்டனர் தோட்டத் துரைமார். பிரேசில் நாட்டு விளைச்சல் மிகுந்து காப்பி விலை வீழவே, ரப்பர் தலையெடுத்தது. காப்பி மறைந்தது, காக்கையோ நிலைத்தது. பிரிக்பீல்ட்ஸ் முதலிய கோலாலம்பூர்ப் பகுதிகளிலும் அது பரவிக் கூடு கட்டி வாழலாயிற்று.

நிற்க, பறவை நூலார் கூறும் செய்தியொன்று வியப்புக்குரியது. 'பாடும் பறவை' என்னும் இனத்தில் காக்கை சேரும், குயில் சேராது! மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் பறவைகட்குக் குரலுறுப்பு அமைந்துள்ளது. பாடும் பறவைகளுக்கு அங்கே பல நுண்தசைகள் உண்டு. அவ்வினத்துக் குஞ்சுகள் மூத்த பறவைகளின் குரலைக் கேட்டுக் கற்கும். குயிலுக்கோ குரல் பிறவியிலேயே அமைந்தது. ஆதலின் காக்கைக் கூட்டில் வளர்ந்தும் அது கரையக் கற்பதில்லை. நம் புலவர் பெண்ணாகப் பாவித்த அவ்விசைக்குரியதும் ஆண் குயிலே.

காக்கை 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். முட்டை பொரிய 16 அல்லது 17 நாள் ஆகும். குயில் முட்டையோ 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். முந்திப் பிறந்த குயிற்குஞ்சு இரையையும் முந்திப் பெறும். கண் திறவாது, சிறகின்றிப் பிறக்கும் தம் குஞ்சுகளோடு இவ்வயற் குஞ்சையும் ஆண் காக்கையும் பெண் காக்கையும் ஊட்டி வளர்க்கும். முன்னாளில் குயில் மலாய் நாட்டுக்குப் பெரும்பாலும் பருவ விருந்தாளியாகவே வந்து மீண்டது. காக்கை பெருகிய பின்னரே அதன் கூட்டை நம்பி இங்கே இனம் பெருக்கலாயிற்று. காக்கையின் உழைப்பின்றி இக்குயிலிசை ஏது?

இன்று காக்கை தொல்லையாகிவிட்டது என்பது மெய்யே. பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது கவர்கின்றது. கிள்ளானில் துப்பாக்கி கொண்டு அவற்றைச் சுட்டும் வருகின்றனர். ஆயினும் அதனைப் பெருக்கியது யார்? நாம் தெருவிற் கொட்டும் எச்சிலன்றோ? அமாவாசைச் சோற்றுக்குக் கூவியழைத்து, மறுநாள் கல்லெறிவதும் நாமே. குப்பையை மூடாது துப்பாக்கியைத் தூக்குவதால் ஆகும் பயன் என்னை?

தோட்டத்துப் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இவ்வரலாறு புதிதன்று. வேலைக்கென்று கடல் கடத்திக் கொணர்வதும், வேலை தீர்ந்தபின் 'வந்தேறி' என்று வைவதும் காக்கையோடு நின்ற வழக்கமா? அன்பர்காள், குரலையும் நிறத்தையும் விடுத்து, உழைப்பை வைத்து மதிப்பிடக் கற்போமாக.