ஒரு ராஜாவின் பேரில் ஒரு தேசம்

1543இல் வில்லாலோபோஸ் என்ற ஸ்பானிய மாலுமி பசிபிக்கைக் கடந்து வந்து, சமார், லெய்ட்டே பக்கத்துத் தீவுகளுக்கு ‘பிலிப்பினாஸ்’ என்று பெயர் வைத்தார். ஸ்பெயினின் இளவரசர் பிலிப்பின் பெயர் அது. அந்த இளவரசர் பிற்பாடு ராஜாவானார், பாதி உலகத்தை ஆண்டார், செத்தும் போனார். கடைசிவரை அந்தத் தீவுகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் பேர் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளுக்கு ஒட்டிக்கொண்டது.

பேர் ஊருக்கு வந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு வந்ததா என்றால், இல்லை. ஸ்பானிய ஆட்சியின் பிற்காலத்தில்கூடப் ‘பிலிப்பினோ’ என்றால் பெரும்பாலும் அந்தத் தீவுகளில் பிறந்த வெள்ளைக்காரர்கள்தான். ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கியவர் ‘பெனின்சுலார்’. சீனர் ‘சங்க்லே’. கலப்பில் பிறந்தவர் ‘மெஸ்திஸோ’. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழுது, மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்கு வைத்த பேர் ‘இந்தியோ’. ஆமாம், நம்ம பேர்தான். கொலம்பஸ் அமெரிக்காவை இந்தியா என்று நினைத்த குழப்பம் மெக்சிகோ வழியாகக் கப்பலேறி மணிலா வரை வந்திருக்கிறது. இது வெறும் வசவு இல்லை. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், யாருக்கு எந்தப் பதவி கிடைக்கும் என்பதெல்லாம் இந்த அடுக்கைப் பொறுத்தது.

பிலிப்பைன்ஸ் விடுதலைக் கதையை இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தே சொல்லிவிடலாம். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? போகும்போது யாரை வெளியே விட்டது?

முதல் திருப்பம் 1872. அந்த ஜனவரியில் கவிட்டே ஆயுதசாலையில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் கலகம் செய்தார்கள். அது வெகுநாள் தாங்கவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து, கோமெஸ், பர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களை அரசு பிடித்தது. துறவியர் சபைகளைச் சேர்ந்த ஸ்பானியர்களே எல்லாத் திருச்சபைப் பங்குகளையும் வைத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டவர்கள் அவர்கள். பிப்ரவரி 17 அன்று மூவரின் கழுத்தையும் இரும்பு வளையத்தில் நெரித்துக் கொன்றார்கள். பர்கோஸ் ஸ்பானிய ரத்தம் அதிகம் உள்ளவர். கோமெஸ் சீனக் கலப்பு. நேற்றுவரை தனித்தனி அடுக்கில் இருந்தவர்கள் ஒரே மேடையில் செத்தார்கள். அடுக்கெல்லாம் நமக்குள்ளேதான், தூக்குமேடைக்கு அது தெரியாது என்பது ஊருக்குப் புரிந்தது.

அப்போது ஹோசே ரிசாலுக்குப் பத்து வயது. அவருடைய அண்ணன் பர்கோஸுக்கு நெருக்கமானவர். 1879இல் பதினெட்டு வயது ரிசால் ஒரு கவிதைப் போட்டியில் பரிசு வாங்கினார். கவிதையின் தலைப்பிலேயே நாட்டு இளைஞர்களைப் ‘பிலிப்பினோ’ என்று அழைத்திருந்தார். அரசாங்கக் கணக்குப்படி அவர் அந்தப் பேருக்கு உரியவரே இல்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டார். பத்து வருடம் கழித்துப் பாரிஸில், வசவுச் சொல்லையும் விடாமல், நண்பர்களோடு சேர்ந்து ‘வீர இந்தியோக்கள்’ என்று ஒரு குழுவுக்குப் பேர் வைத்தார். 1609இல் மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி எழுதிய வரலாற்றை லண்டனில் உட்கார்ந்து நகலெடுத்து, குறிப்புகள் சேர்த்து வெளியிட்டார். ஸ்பெயின் வருவதற்கு முன்பும் எங்களுக்கு வணிகமும் எழுத்தும் இருந்தன என்பதுதான் அந்தக் குறிப்புகளின் சாரம். பேருக்கு ஒரு பழைய காலமும் கிடைத்தது.

ரிசால் படித்த பணக்காரக் குடும்பம். மணிலாவில் கிடங்கு வேலை பார்த்த ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவுக்கு ஸ்பானிய ராஜாவின் பேர் பெரிதாகத் தேவைப்படவில்லை. 1892இல் அவர் தொடங்கிய கதிபுனான் ரகசிய இயக்கம் ‘தகாலோக்’ என்ற உள்ளூர்ச் சொல்லை எடுத்து விரித்தது. தகாலோக் பேசுபவர் மட்டும் இல்லை, இந்தத் தீவுகளில் பிறந்த எல்லாருமே தகாலோக்தான் என்றது. விசயரும் இலோகானோவும் அதில் அடக்கம். மற்ற மொழிக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

புரட்சி வெடித்தது 1896 ஆகஸ்டில். டிசம்பர் 30 அன்று ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மார்ச்சில் புரட்சிக்காரர்கள் தெஹேரோஸில் கூடி எமிலியோ அகினால்டோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். போனிஃபாசியோவுக்கு உள்துறை கிடைத்தது. வக்கீல் படிப்பு இல்லாதவருக்கு அந்தப் பதவியா என்று ஒருவர் எழுந்து கேட்டார். சண்டை முற்றி, மே 10 அன்று அகினால்டோ தரப்பே போனிஃபாசியோவைக் கொன்றது. கதிபுனானின் சொல்லும் அவரோடு ஓரமாகிப் போனது. 1898 ஜூன் 12 அன்று கவிட் ஊரில் அகினால்டோ விடுதலையை அறிவித்தபோது நாட்டின் பேர் பிலிப்பினாஸ்தான்.

ஆறே மாதத்தில், டிசம்பர் 10 அன்று, பாரிஸ் ஒப்பந்தப்படி ஸ்பெயின் அந்த நாட்டை அமெரிக்காவிடம் 2 கோடி டாலருக்குக் கொடுத்தது. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பிலிப்பினோவும் இல்லை. போன தூதரையும் உள்ளே விடவில்லை. போர், அதன்பின் அமெரிக்க ஆட்சி. கடைசியில் 1946 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் சுதந்திர தினத்திலேயே, இவர்களுக்கும் சுதந்திரம் கிடைத்தது. கொடுத்த தேதியை வேண்டாமென்று 1962இல் குடியரசுத் தலைவர் மகபகல் ஜூன் 12க்கு மாற்றினார். தேதியை மாற்றினார்கள், பேரை மாற்றவில்லை.

எல்லாருக்கும் அந்தப் பேர் கிடைத்ததா? வடக்கு லூசோன் மலைகளில் வாழும் இகோரோட் மக்களை ஸ்பெயினால் முந்நூறு வருடமாகியும் முழுதாக அடக்க முடியவில்லை. 1887இல் மாட்ரிட் கண்காட்சியிலும், 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலும் அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். மாட்ரிட்டில் நடந்ததைக் கேட்டு ரிசால் கொதித்தார். ஆனால் 1943இல் கார்லோஸ் ரோமுலோ, பின்னாளில் ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான அதே ரோமுலோ, இகோரோட் பிலிப்பினோவே இல்லை என்று ஒரு புத்தகத்தில் எழுதினார். ஒரு காலத்தில் ‘இந்தியோ’ என்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரன், உள்ளே போனதும் கதவைச் சாத்தப் பார்க்கிறார்.

பிலிப் ராஜாவுக்குத் தலை வணங்கியவர்களுக்கு அவர் பேர் சொத்தாகக் கிடைத்தது. வணங்காத மலைக்காரர்கள்தான் அந்தப் பேருக்காகக் கடைசிவரை வாசலில் காத்திருக்க வேண்டியதாயிற்று.