கோயிலை விட்டு வீட்டிற்கு வந்த குடில்

1793ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளைப் பிரெஞ்சுக் குடியரசின் நாட்காட்டியில் தேடினால், அங்கே கிறிஸ்து பிறப்பு விழா இராது. அந்நாளுக்கு இடப்பட்டிருந்த பெயர் 'நாய்'. அந்நாட்காட்டியை வகுத்தவர்கள் புனிதர்களின் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செடியின் பெயரையோ, உழவுக் கருவியின் பெயரையோ, விலங்கின் பெயரையோ, கனிமத்தின் பெயரையோ சூட்டினார்கள். பனி மாதம் எனப்பட்ட திங்களின் ஐந்தாம் நாளுக்கு நாய் வாய்த்தது. அதற்கு முந்திய நாள், நாம் பாலன் பிறப்பை எதிர்நோக்கி விழித்திருக்கும் நாள், கந்தகம் ஆயிற்று. ஏழு நாள் வாரம் பத்து நாள் கூறாக மாறியதால் ஞாயிறும் இல்லை. கோயில்கள் பல பூட்டப்பட்டன. சில, 'பகுத்தறிவின் ஆலயம்' என்று பெயர் மாற்றப்பட்டன. அரசின் சட்டத்திற்கு உறுதிமொழி கொடுக்க மறுத்த குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். மறைந்து வாழ்ந்தவர்கள் பிடிபட்டால் கொலைக்களம் காத்திருந்தது. நாடெங்கும் பற்பல ஊர்களில் அவ்வாண்டு நள்ளிரவு மணி ஒலிக்கவில்லை.

ஆட்சிகள் திருவிழாக்களைத் தடை செய்வது வரலாற்றில் புதிதன்று. இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்மஸையே ஒழித்து ஆணை பிறப்பித்தது. நாம் இங்கே ஆராய விழைவது வேறொன்று. கோயில் கதவு மூடியபோது விழா எங்கே போயிற்று? குருவானவர் இல்லாத ஊரில், தாய்மார் தம் பிள்ளைகளுக்குப் பாலனை எங்கே காட்டினார்கள்? இக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி, பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரமாக விரிந்து கிடக்கும் புரொவான்ஸ் நாட்டில், விரலளவே உயரமான களிமண் பொம்மைகளில் இருக்கிறது.

குடிலின் தொடக்கத்தைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது நலம். 1223ஆம் ஆண்டு அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்னும் மலையூரில் கிறிஸ்து பிறப்பு இரவைக் கொண்டாடினார். விழாவுக்கு ஏறத்தாழ இரு வாரம் முன்னரே, யோவான் என்னும் அவ்வூர்ப் பெருமகனிடம் வைக்கோலும் தீவனத் தொட்டியும் எருதும் கழுதையும் வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். 1228-29இல் புனிதரின் வரலாற்றை எழுதிய செலானோ நகர்த் தோமையார் இதனை விவரித்திருக்கிறார். அவ்விவரிப்பில் மாதாவின் உருவமும் இல்லை, சூசையப்பரின் உருவமும் இல்லை. தொட்டியும் வைக்கோலும் வாயில்லா உயிர்களும், அவற்றின் நடுவே திருப்பலியும், தீவட்டி ஏந்தி வந்த ஊர்மக்களும் மட்டுமே. எருதையும் கழுதையையும் லூக்கா நற்செய்தியில் தேடிப் பயனில்லை. அவை எசாயா இறைவாக்கினரின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019 டிசம்பர் முதல் நாள் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய தம் திருத்தூது மடலில் அங்கேயே கையொப்பமிட்டார்.

பின்வந்த நூற்றாண்டுகளில் குடில் கோயில்களில் நிலைபெற்றது. செல்வர் வீடுகளிலும் புகுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நேப்பிள்ஸ் நகரில் அரசரும் பிரபுக்களும் போட்டியிட்டுக் குடில் அமைத்தனர். சுட்ட மண்ணாலான தலை, கண்ணாடிக் கண்கள், கம்பியும் சணலும் கொண்டு செய்த உடல், அதன்மேல் மெய்யான பட்டாடை. காண்போரை மயக்கிய கலைதான்; ஆனால் மீனவன் வீட்டுப் பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்திருக்க முடியாது.

புரட்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே, கத்தோலிக்க அரசர் ஒருவரே குடிலைக் கோயிலிலிருந்து வெளியேற்றினார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் யோசேப்பு, வழிபாட்டைச் சீர்திருத்துவதாகக் கருதி, 1782இல் கோயில்களில் குடில் வைப்பதைத் தடை செய்தார். தீரோல் மலைநாட்டு உழவர்கள் அரசரோடு வாதிடவில்லை. தம் வீட்டுக் கூடத்தில் குடில் வைத்தார்கள். பனிக்காலத்தின் நீண்ட மாலைகளில் மரத்தைச் செதுக்கி ஆடும் மாடும் ஆயரும் செய்தார்கள். இன்றைக்கும் இன்ஸ்புருக் நகரை அடுத்த தவுர் முதலிய ஊர்களில், கிறிஸ்மஸ் காலத்தில் வீடு வீடாகச் சென்று குடில் பார்க்கும் வழக்கம் உண்டு. தடையாணை பிறப்பித்த மன்னரை அங்கே குடில் காண வரும் குழந்தைகளில் எத்தனை பேர் அறிவர்?

புரொவான்சிலும் இவ்வாறே நடந்தது. புரட்சி கோயிலைப் பூட்டியதால்தான் வீட்டுக் குடில் பிறந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது முழு உண்மையன்று. வசதி படைத்த வீடுகளில் குடில் முன்பே இருந்தது. மாறியது விலைதான். மார்செய் துறைமுக நகரில் ழான் லூயி லாஞெல் (1764-1822) என்னும் சிற்பி வாழ்ந்தார். அவர் பாரிஸ் சாந்தில் அச்சுகள் செய்து, அவற்றில் களிமண்ணை அழுத்தி, ஒரே உருவைப் பல படிகளாக எடுத்தார். சூளையில் சுடாமல் உலர்த்தி, வண்ணம் பூசி, மிக மலிவாக விற்க முடிந்தது. புரொவான்ஸ் மொழியில் இப்பொம்மைக்குச் 'சாந்தூன்' என்று பெயர். சின்னப் புனிதர் என்பது பொருள். 1801இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதருக்கும் நெப்போலியனுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டு, 1802 உயிர்ப்புப் பெருவிழாவின்போது கோயில்கள் முறைப்படி திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 1803இல், மார்செயில் சின்னப் புனிதர்களின் சந்தை கூடியது. அச்சந்தை இரு நூற்றாண்டு கடந்தும் கூடிவருகிறது. கோயில்கள் திறந்த பின்பும் குடில் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தற்காலிகப் புகலிடமாக வந்த இடம் நிலையான இல்லமாகிவிட்டது.

இப்பொம்மைகளின் முகங்களைப் பார்க்க வேண்டும். லாஞெல் பாலஸ்தீனத்தைக் கண்டவரல்லர். கண்டதாகப் பாவனை செய்யவுமில்லை. தம் தெருவையே வடித்தார். சாணை பிடிப்பவன், மீன்காரி, மாவரைப்பவன், தண்ணீர்ப் பானை சுமக்கும் பெண், மத்தளக்காரன், மகனின் தோளைப் பற்றி நடக்கும் பார்வையற்ற முதியவர் ஆகிய இவர்கள்தாம் குடிலை நோக்கிச் செல்கிறவர்கள். மீன்காரி மீன் கொண்டு வருகிறாள், மாவரைப்பவன் மாவு மூட்டை கொண்டு வருகிறான். அவரவர் தொழிலே அவரவர் காணிக்கை. நவராத்திரிக் கொலுவில் செட்டியார் கடை விரித்து அமர்ந்திருப்பதைக் கண்ட நம்மவருக்கு இது எளிதில் விளங்கும். இவர்களுக்கிடையே ஒருவன் மட்டும் வெறுங்கையன். இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, வியப்பில் வாய் பிளந்து நிற்பான். 'ராவி' என்று அவனை அழைப்பார்கள். பரவசமுற்றவன் என்று பொருள். ஊராரின் கணிப்பில் அவன் ஒரு வெகுளி. புரொவான்ஸ் வீடுகளில் அவனில்லாத குடில் குறையுள்ளதாகவே கருதப்படும். பெத்லகேமில் நடந்தது வியப்புக்குரியது என்பதை அவனைவிட நன்றாக எடுத்துரைத்த மறையுரையாளர் யாரும் நம் நினைவுக்கு வரவில்லை.

இத்தகைய நாட்டில், பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டின் கிறிஸ்மஸ் இரவு எப்படியிருந்தது? நல்வாய்ப்பாக, அதனை அனுபவித்த ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். 1904இல் நோபல் பரிசு பெற்ற புரொவான்ஸ் மொழிக் கவிஞர் பிரெதெரிக் மிஸ்ட்ரால், 1830இல் மாய்யான் என்னும் ஊரில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். 1906இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இளமைக் கால விழாக்களை விரிவாகப் பதித்துள்ளார். அவருடைய தந்தை, இளைஞராக இருந்தபோது அந்தப் புரட்சிக் குடியரசின் படையிலேயே போர்வீரராகப் பணி செய்தவர். அவர் வாழ்நாளில் படித்தவை மூன்றே நூல்கள்: புதிய ஏற்பாடு, கிறிஸ்துநாதர் அநுசாரம், தோன் கிஹோத்தே. நாயின் பெயரிட்ட நாட்காட்டியின் கீழ்ப் படையில் நின்ற அவர்தாம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தம் வீட்டில் விழாவுக்குத் தலைமை தாங்கினார்.

அன்று ஏர் மாடுகளை நேரத்தோடே அவிழ்த்துவிடுவார்கள். உழவாட்கள் தத்தம் வீடு சென்று பிள்ளைகளோடு உண்ண வேண்டும் என்பதற்காக, வீட்டுத் தலைவி ஒவ்வொருவருக்கும் ஒரு துணியில் எண்ணெய் ரொட்டியும் இனிப்பும் உலர்ந்த அத்திப்பழமும் பாலடைக்கட்டியும் கட்டிக்கொடுத்து, காய்ச்சிய திராட்சை மது ஒரு புட்டியும் தருவார். வீடு வாசலற்ற ஆட்கள் பண்ணையிலேயே தங்கி, அக்குடும்பத்தோடு பந்தியில் அமர்வார்கள். பின்பு கனி மரத்தின் பெருங்கட்டை ஒன்றை உள்ளே கொண்டுவருவார்கள். அதன் ஒரு முனையை வீட்டின் மூத்தவர் பிடிக்க வேண்டும். மறுமுனையை வீட்டின் கடைக்குட்டி பிடிக்க வேண்டும். அடுக்களையை மும்முறை சுற்றி வந்து அடுப்பருகே வந்ததும், தந்தை அதன்மேல் மதுவை வார்த்து ஆசி மொழிவார்; பின்னரே கட்டையில் தீ மூட்டப்படும். எழுபதை நெருங்கும் முதியவரும் நடை பழகிச் சில ஆண்டுகளே ஆன சிறுவனும் ஒரே கட்டையின் இரு முனைகளில்! நடுவிலுள்ள வயதினர் அனைவரும் பார்த்து நிற்கிறார்கள். விசுவாசத்தைக் கையளித்தல் என்று மறைக்கல்வி நூல்களில் நாம் படிக்கும் சொற்றொடருக்கு இதைவிடக் கைக்கு எட்டும் படம் வேண்டுமோ?

மேசையில் மூன்று வெள்ளை விரிப்புகள், மூன்று மெழுகுதிரிகள். இறைச்சி இல்லை, நள்ளிரவுத் திருப்பலிக்கு முந்திய ஒறுத்தல் உணவாதலால் மீனும் காய்கறியும்தான். நடுவே பெரிய ரொட்டி இருக்கும். வாசல் வழியே வரும் முதல் ஏழைக்குக் கால் பங்கைக் கொடுத்த பின்னரே அதனை வெட்டுவார்கள். திரி யார் பக்கம் சாய்கிறதோ அவருக்கு அது கெட்ட சகுனம் என்ற அச்சமும் அந்த மேசையில் இருந்ததாக மிஸ்ட்ரால் மறைக்காமல் எழுதுகிறார். நம் பாட்டிமார் வீடுகளிலும் செபமாலையும் பல்லி சகுனமும் அருகருகே வாழ்ந்தவைதாமே.

உணவுக்குப் பின் பரிமாறப்படும் இனிப்புகளைப் பற்றி ஒரு சொல். அவை பதின்மூன்று, இயேசுவையும் பன்னிரு திருத்தூதரையும் குறிப்பன என்பார்கள். பதின்மூன்று என்ற கணக்கு உறுதிப்பட்டது 1920களில்தான். ஆயினும் அவற்றுள் நான்கின் பெயர் நமக்குப் பிடித்திருக்கிறது: உலர்திராட்சை, அத்தி, பாதாம், கொட்டைப் பருப்பு ஆகியவற்றை 'நான்கு இரவலர்' என்கிறார்கள். பிரான்சிஸ்கன், சாமிநாதர், கார்மேல், அகுஸ்தினார் சபைகளின் துறவுடை நிறங்களாம். துறவியரைக் கொறித்துத் தின்னும் உரிமை பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கும்!

மூவரசர் திருவிழாவின் முன்மாலை நிகழ்ச்சியையும் மிஸ்ட்ரால் சொல்கிறார். அரசர்கள் வருகிறார்கள், எதிர்கொண்டு போங்கள் என்று பெரியவர்கள் பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். அரசர்களுக்குப் பணியாரமும், பணியாளர்களுக்கு அத்திப்பழமும், ஒட்டகங்களுக்கு வைக்கோலும் எடுத்துக்கொண்டு சிறுவர் கூட்டம் ஆர்ல் நகரச் சாலையில் நடக்கும். குளிர்காற்று வீசும். கதிரவன் செக்கச் சிவந்து இறங்குவான். மேகங்களின் பொன்னொளியில் அரசர்களின் மேலங்கி தெரிவதாகவே தோன்றும். பின் இருள் சூழ, அச்சம் பற்ற, வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடிவருவார்கள். கீழ்த்திசை அரசர்களை இந்தச் சாலையில் போய்த் தேடலாமா என்பாள் அன்னை. உடனே கோயிலுக்கு ஓடினால், அரசர்கள் அங்கே குடிலின் முன் முழந்தாளிட்டிருப்பார்கள்! இதனைப் பொய் சொல்லி ஏமாற்றுவது என்று கடிந்துகொள்வோர் இருக்கலாம். அரசர்களைத் தேடி ஒரு மாலைப்பொழுது குளிரில் நடந்த பிள்ளைக்கு, ஞானியர் நடந்த நெடுவழி வெறும் கதையாக இராது என்றே நமக்குப் படுகிறது.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றும், பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் உரைத்தது. அதனை நாம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளுகிறோம். 2020ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று, பெருந்தொற்றால் நம் ஆலயங்களும் மூடிக் கிடந்தபோது, அச்சொல்லின் பொருள் திடீரென நம் கூடத்தில் வந்து அமர்ந்தது. எத்தனை வீடுகளில் தந்தையோ தாயோ நற்செய்தி நூலைத் திறந்து பிள்ளைகளுக்கு வாசிக்கத் தயங்கினோம்! மலைநாட்டு உழவருக்கும் மார்செய் மீனவருக்கும் கைவந்தது நமக்கு ஏன் கைவரவில்லை என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. இப்போது நம் வீடுகளில் குடில் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் ஆயத்தமாக வருகிறது; மின்விளக்கும் உடன் வருகிறது. பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம். பிள்ளைக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. காகிதத்தை நனைத்து மலை செய்து, வைக்கோல் வேய்ந்து, உடைந்த ஆயனின் கையைப் பசை தடவி ஒட்டி, மாவு படிந்த விரல்களோடு நள்ளிரவில் பாலனைக் கிடத்திய வீடுகள் நம் பங்குகளில் இன்னும் இல்லாமற் போகவில்லை.

அவ்வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. திருவருகைக் காலத் தொடக்கத்தில் கேழ்வரகையோ நெல்லையோ கம்பையோ தட்டில் விதைத்து, குடிலுக்குப் புல்வெளியாக வளர்ப்பார்கள். தண்ணீர் தெளிப்பது பிள்ளைகளின் பொறுப்பு. புரொவான்ஸ் நாட்டிலும் டிசம்பர் 4ஆம் நாள், புனித பார்பரம்மாள் திருநாளன்று, மூன்று கிண்ணங்களில் கோதுமையை ஊறவைத்து முளைக்க விடுகிறார்கள். 1969இல் உரோமைப் பொது நாட்காட்டியிலிருந்து அப்புனிதையின் விழா எடுக்கப்பட்ட பிறகும் அக்கிண்ணங்களை யாரும் எடுத்து வைக்கவில்லை. நிமிர்ந்து பசுமையாக வளர்ந்தால் வரும் ஆண்டு நல்விளைச்சல் என்பார்கள். கிறிஸ்மஸ் இரவில் அது மேசையிலும் பின் குடிலிலும் இடம் பெறும். பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவன்று, சின்னப் புனிதர்களை ஒவ்வொருவராகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைப்பார்கள். கோதுமை நாற்றைமட்டும் பெட்டியில் வைக்க முடியாதே. அதை வயலின் ஓரத்தில் கொண்டுபோய் நட்டுவிடுவது அந்நாட்டு உழவர் வழக்கம்.