தெருவும் மதுவும்

மது பருகுவோன் அறிவை மயக்கும். பலர் கூடிப் பொதுவிடத்திலே பருகுங்கால் ஊரின் அமைதியையும் குலைக்கும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரம் இதற்குச் சான்றாகும்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தின் அடியிற் சிக்கி மாண்டார். கூடியிருந்தோர் சினந்தெழுந்தனர்; காவல் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன; மருத்துவ வண்டியும் எரிந்தது. 40 ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு கண்டிராத கலகம் அது. விபத்தைப் பற்றிய தவறான எண்ணம் கலகத்தை மூட்டியது, மதுமயக்கம் அதனை வளர்த்தது என 2014இல் விசாரணைக் குழு கண்டது.

2015 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பொதுவிடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தலாகாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் தடை இன்னும் கடுமையானது. அங்கே சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொதுவிடத்தில் அருந்துதல் குற்றமாயிற்று.

வீடுடையார் வீட்டிலே பருகுவர். பொருளுடையார் உரிமம் பெற்ற கடையிலே பருகுவர். விடுதியில் பலரோடு நெருங்கி வாழும் தொழிலாளிக்கோ ஓய்வு நாளில் தெருவும் திடலுமே கூடம். எனவே சட்டம் எல்லார்க்கும் பொதுவாயினும் அதன் சுமை சமமன்று. தெருவில் குடியைத் தடுத்தல் முறையே. உழைத்துக் களைத்தவன் நண்பரோடு அமர்ந்து பேச நல்லதோர் இடம் அமைத்தலும் அதனோடொத்த கடமையன்றோ?